அக்குளில் தைத்த காசு

ஏழு மாதம் எனக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. பகலில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து இயந்திரங்களுக்கான கையேடுகளை மொழிபெயர்ப்பேன். வாரத்தில் நான்கு இரவுகள், வேறொரு பெயரில், ஒரு பார்சல் குடோனில் பெட்டி பிரிப்பேன். அலுவலகத்துக்குக் குடோன் தெரியாது. குடோனுக்கு அலுவலகம் தெரியாது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்காக இரவு வேலை என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தேன். இரண்டு பெயர்களையும் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இல்லை.

காரணம் ஒரு நாவல். அப்போது எனக்கு வயது 26. ஆறு சிறுகதைகள் அச்சில் வந்திருந்தன. ஏழாவதைத் திருப்பி அனுப்பிய பத்திரிகை ஆசிரியர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: 'உங்கள் கதைகளில் எல்லோரும் யோசித்துக்கொண்டே இருக்கிறார்கள், யாரும் எதையும் தூக்குவதில்லை.' படித்ததும் கோபம் வந்தது. அப்புறம் ஆறு கதைகளையும் எடுத்து வரிசையாகப் படித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. என் மனிதர்களுக்கு நினைவுகள் இருந்தன, கைகள் இல்லை.

எழுதுவதற்காக வேறு ஆளாக வாழ்ந்தவர்களைப் பற்றி ஏற்கெனவே படித்திருந்தேன். அமெரிக்கப் பத்திரிகையாளர் நெல்லி பிளை 1887இல், 23 வயதில், மனநலம் சரியில்லாதவர் போல நடித்து நியூயார்க்கின் ஒரு காப்பகத்துக்குள் போனார். பத்து நாள் உள்ளே இருந்தார். உள்ளே நுழைந்த பிறகு நடிப்பதையே விட்டுவிட்டார். ஆனால் இயல்பாகப் பேசப் பேச அதையும் நோயின் அறிகுறியாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல், அப்போது அவர் இன்னும் அந்தப் புனைபெயர் வைக்காத வெறும் எரிக் பிளேர், பர்மாவில் போலீஸ் அதிகாரி வேலையை உதறிவிட்டு வந்து லண்டனில் நாடோடிகளோடு அலைந்தார். சிறை எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக 1931 டிசம்பரில் வேண்டுமென்றே குடித்துவிட்டு, பொய்ப் பெயர் சொல்லிக் கைதானவர் அவர்.

அவருக்கும் முன்னால், 1902இல், அமெரிக்க எழுத்தாளர் ஜாக் லண்டன் கிழக்கு லண்டனின் வறுமைக்குள் போனார். அவருக்கும் அப்போது 26 வயது. என் வயதேதான் என்று அதைப் படித்தபோது மனம் துள்ளியது நினைவிருக்கிறது. பழைய துணிக்கடையில் உடை வாங்கிப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கியதும் அவர் கவனித்த முதல் மாற்றம், அவரை அழைத்த விதம். அதுவரை 'ஐயா' என்று ஒதுங்கி நின்றவர்கள் 'தோழா' என்கிற மாதிரிப் பேச ஆரம்பித்தார்கள். ஆர்வெலும் இதே விஷயத்தை எழுதியிருக்கிறார். கவிழ்ந்த தள்ளுவண்டியை நிமிர்த்த ஒருவனுக்கு உதவுகிறார், அவன் அதே சொல்லால் நன்றி சொல்கிறான். தன்னை வாழ்நாளில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, உடைதான் இதைச் செய்தது என்கிறார் ஆர்வெல். இருவரின் புத்தகங்களும் முப்பது ஆண்டு இடைவெளியில் வந்தவை. இருவருக்கும் அந்த ஒரு சொல்தான் கதவைத் திறந்தது.

ஜாக் லண்டன் இன்னொன்றும் சொல்கிறார். கிளம்புவதற்கு முன் தன் பனியனின் அக்குள் பக்கத்தில் ஒரு தங்கக் காசை வைத்துத் தைத்துக்கொண்டாராம். ஆபத்துக்கு உதவும் என்று. முதல் தடவை படித்தபோது அதைப் புத்திசாலித்தனம் என்றுதான் நினைத்தேன்.

என்னுடைய காசு, போன் உறைக்குப் பின்னால் செருகிய வங்கி அட்டை.

குடோனில் சேர்வது நான் பயந்ததைவிடச் சுலபமாக இருந்தது. தினக்கூலிக்கு ஆள் எடுக்கும் காண்ட்ராக்டர் பெயரைக் கேட்டார், உடம்பை ஒரு பார்வை பார்த்தார், ராத்திரி வந்துவிடு என்றார். வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அந்தப் பெயரால் ஒருவர் என்னைப் பிரியமாகக் கூப்பிட்டிருக்கிறார்.

ரயில் நிலையக் கழிவறையில் சட்டை மாற்றுவேன். இரண்டு போன்கள், இரண்டு ஜோடிச் செருப்புகள், இரண்டு மூக்குக் கண்ணாடிகள். மெல்லிய சட்டம் போட்ட புதுக் கண்ணாடி பைக்குள் போகும், கல்லூரியில் போட்டிருந்த பழைய கண்ணாடி முகத்துக்கு வரும். பவர் சரியாகப் பொருந்தாததால் இரவு முழுவதும் லேசாகத் தலை வலிக்கும். ஒரு நாள் கண்ணாடி மாற்ற மறந்து உள்ளே போய்விட்டேன். பெல்ட்டில் வரும் பெட்டிகளைவிட என் மூக்கைப் பற்றிய கவலைதான் அன்று முழுவதும் பெரிதாக இருந்தது. யாரும் கவனிக்கவில்லை. கவனிக்க அங்கே யாருக்கும் நேரம் இல்லை.

வேலை இதுதான். லாரியிலிருந்து இறங்கும் பெட்டிகள் பெல்ட்டில் வரும். ஸ்கேனரை பார்கோடின் மேல் காட்ட வேண்டும், ஒரு சத்தம் கேட்கும், திரையில் வரும் எண்ணுக்குரிய கூண்டில் பெட்டியைப் போட வேண்டும். கூண்டு நிறைந்ததும் தள்ளிக்கொண்டு போய் அடுத்த லாரியின் வாயில் நிறுத்த வேண்டும். விளக்க மூன்று வாக்கியம் போதும். உடம்பு அதைக் கற்றுக்கொள்ள இரண்டு மாதம் ஆனது.

கற்றுக்கொடுத்தவர் என் பக்கத்து இடத்தில் நின்றவர். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிட்டேன். முதல் இரவே நான் குனிந்து ஒரு பெட்டியைத் தூக்கப் போனபோது தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"முதல்ல காலால ஒரு தட்டு தட்டு. நகர்ந்தா லேசு, தூக்கு. நகரலைன்னா குனியாதே, உட்காரு. உட்கார்ந்து எந்திரி. முதுகு உனக்கு ஒண்ணுதான் இருக்கு."

அவர் தட்டுவதைப் பார்க்க வேண்டும். செருப்பின் நுனியால், பெட்டியின் கீழ் மூலையில், ஒரே ஒரு தட்டு. அந்த ஒரு தட்டில் எடை, உள்ளே இருப்பது இறுக்கமாக இருக்கிறதா ஆடுகிறதா, எந்தப் பக்கம் கனம் சாய்ந்திருக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். பிறகு அவர் கை பெட்டியின் நடுவுக்குப் போகாது, கனமான மூலைக்குத்தான் போகும். கண்ணாடிச் சாமான் இருந்தால் தட்டும்போதே முகம் கொஞ்சம் மாறும். அவர் கைக்குப் போன பெட்டி கூண்டில் விழுந்து நான் பார்த்ததில்லை. இறக்கி வைப்பார்.

அட்டைப்பெட்டி விரலின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று எனக்கு அதுவரை தெரியாது. முதல் மாதம் விரல் நுனிகள் வெடித்தன. அட்டையின் ஓரம் கத்தி மாதிரி. வெட்டு ஆழமாக இருக்காது, ஆனால் சோப்பு பட்டால் உயிர் போகும். மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, அலுவலகம் போகும் வழியில், என் போன் என் கைரேகையை ஏற்க மறுத்தது. நான்கு முறை வைத்துப் பார்த்தேன். திறக்கவில்லை. விரலைத் திருப்பிப் பார்த்தால் நுனி வழவழவென்று இருந்தது. கடவுச்சொல்லை அடித்து உள்ளே போனேன்.

குறிப்பு எடுப்பதுதான் ஆரம்பத்தில் என் பெரிய கவலை. கிழிந்த அட்டைத் துண்டுகளில் மார்க்கர் பேனாவால் இரண்டு மூன்று சொற்களைக் கிறுக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். யார் எப்படிச் சிரித்தார், என்ன வசை, எந்த நேரத்தில் எல்லோருக்கும் கண் சொக்கும். விடியற்காலை வீட்டில் அவற்றைப் பரப்பி வைத்து நோட்டில் ஏற்றுவேன். ஏழு மாதத்தில் ஒரு செருப்புப் பெட்டி நிறையச் சேர்ந்தது. நாவலில் அவற்றிலிருந்து வந்தது ஐந்தாறு வரிகூட இருக்காது. எழுதியபோது தானாக வந்தவை எதையும் நான் குறித்து வைத்திருக்கவில்லை. அந்தக் கால் தட்டு எந்தத் துண்டிலும் இல்லை. ஒரு நாள் என் கதாபாத்திரம் ஒரு பெட்டியின் முன் வந்து நின்றான், நான் யோசிப்பதற்குள் அவன் கால் தட்டிவிட்டது. அன்று மட்டும் எழுதியது சரியாக இருக்கிறது என்று தெரிந்தது.

இதை ஒரு தொழில்நுட்பமாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். முடியாது என்றுதான் நினைக்கிறேன். பார்க்கப் போனவனுக்குக் கிடைப்பது பார்த்தது மட்டும்தான். களைத்துப்போய்ப் பார்ப்பதை மறந்த நேரத்தில்தான் மிச்சம் எல்லாம் உடம்புக்குள் இறங்கியது.

இப்போது நான் சொல்லத் தயங்கும் இரண்டு விஷயங்கள்.

நாலாவது மாதம் ஒரு இடைவேளையில் அண்ணன் ஒரு கடிதத்தை நீட்டினார். ஏதோ அலுவலகத்திலிருந்து வந்தது, பொடி எழுத்து. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். "படிக்கத் தெரியுமாடா?" என்றார். சரளமாகப் படித்தால் சந்தேகம் வருமோ என்று அந்த நொடியில் பயந்துவிட்டேன். பள்ளியைப் பாதியில் விட்டவன் என்று அங்கே சொல்லியிருந்தேன். அதனால் எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீளமான சொற்களில் தடுக்கி நின்றேன். ஒரு சொல்லை இரண்டு முறை தப்பாகச் சொல்லித் திருத்தினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார், நடுவில் ஒரு சொல்லை ஊகித்து எடுத்துக் கொடுத்தார். முடித்ததும் என் முதுகில் தட்டி, "பரவால்லையே, நல்லாத்தான் படிக்கிறே. விட்டுறாதே, தினம் கொஞ்சம் பேப்பர் படி" என்றார்.

எழுத்தைத்தான் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். படிக்கத் தெரியாதவனாக நடித்து, அதற்கு ஒருவரின் பாராட்டையும் வாங்கிக்கொண்டேன். அன்று காலை நோட்டில் அந்தக் காட்சியை எழுதி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறேன். நல்ல காட்சி என்று அர்த்தம்.

இரண்டாவது, ஒரு மாதம் கழித்து. அவருக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்டது. எதற்கு என்பது அவருடைய விஷயம், இங்கே வராது. குடோனில் இரண்டு வாரம் வேலை பார்த்தால் கிடைக்கும் தொகை. யாரிடமும் கேட்டுப் பழகாதவர். கூண்டைத் தள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "உங்கிட்ட ஏதாவது இருக்குமாடா, அடுத்த மாசம் குடுத்துர்றேன்" என்றார்.

என்னிடம் இருந்தது. போன் உறைக்குள், பேன்ட் பாக்கெட்டில், தொடையை அழுத்திக்கொண்டு இருந்தது. ஆனால் நான் உருவாக்கி வைத்திருந்த ஆளிடம் இருக்க வழியில்லை. வாங்குகிற கூலியை அப்படியே வீட்டுக்கு அனுப்புகிறவன் அவன். அவனிடம் பணம் இருந்தால் கதை உடைந்துவிடும். அந்த நேரத்தில் எனக்குள் ஓடிய கணக்கு இவ்வளவுதான். நாவலில் பாதி முடிந்திருந்தது, இன்னும் இரண்டு மாதம் வேண்டும்.

"இல்லண்ணே" என்றேன்.

"சரி விடு. எனக்குத் தெரியும், நீயே கஷ்டப்படுறே. கேட்டிருக்கக் கூடாது" என்றார். கூண்டை லாரி வாயில் நிறுத்தி, பிரேக்கைக் காலால் மிதித்துவிட்டுத் திரும்பினார். அவர் முகத்தைக் கவனமாகப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அதையும் எழுதினேன்.

ஜாக் லண்டனின் காசு எனக்கு உறைத்தது அப்போதுதான். திரும்பி வரும் வழியைத் தன்னோடு தைத்துக்கொண்டு போனவருக்கு அந்தத் தெரு முழுதாகத் தெரிந்திருக்காது என்பது ஒரு பக்கம். பலரும் சொல்லியிருக்கிறார்கள், நியாயம்தான். என்னை உறுத்தியது வேறு. அந்தக் காசைக் காப்பாற்றுவதுதான் வேடத்தின் முதல் வேலையாகிவிடுகிறது. நம்மை நம்பி ஒருவர் கை நீட்டும்போது, காசு இருப்பதை மறைப்பதற்காகவே அவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டியிருக்கிறது. அட்டைத் துண்டுகளில் நான் குறித்தவை எதுவும் திருட்டு என்று தோன்றவில்லை. அந்த 'இல்லண்ணே' திருட்டு.

நெல்லி பிளை வெளியே வந்து எழுதியது அந்தக் காப்பகத்தின் மேல் விசாரணையைக் கொண்டுவந்தது. ஜெர்மனியில் பத்திரிகையாளர் குந்தர் வால்ராஃப், அலி என்ற துருக்கித் தொழிலாளியாக வேடமிட்டுச் சுமார் இரண்டு வருடம் வேலை செய்து, 1985இல் எழுதியது நாட்டையே உலுக்கியது. அவர்களும் பொய் சொன்னார்கள், ஆனால் யார் சார்பாகச் சொன்னார்கள் என்பது தெளிவாக இருந்தது. நான் என் நாவல் சார்பாகச் சொன்னேன்.

இந்தக் காலத்தில்தான் எழுத்தாளர் காஃப்காவின் பகல் வாழ்க்கையைப் பற்றித் தேடிப் படித்தேன். அதற்கு முன் அவரை இரவில் எழுதுபவராக மட்டுமே தெரியும். பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் 1908 முதல் 1922 வரை வேலை பார்த்தார். அந்த வேலையையும் எழுத்தையும் சேர்த்து ஒரு பயங்கரமான இரட்டை வாழ்க்கை என்று 1911இல் நாட்குறிப்பில் எழுதினார். அந்த அலுவலகத்துக்காக அவர் எழுதிய அறிக்கைகளில் ஒன்று, மரம் இழைக்கும் இயந்திரங்கள் எப்படி விரல்களைத் துண்டிக்கின்றன, கத்தி பொருத்திய தண்டின் வடிவத்தை மாற்றினால் எப்படித் தடுக்கலாம் என்பது பற்றியது. விரல்கள் குறைந்த கைகளின் படங்கள் அதில் இருக்கின்றன.

அதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மேசையில் அப்போது ஓர் அச்சு அழுத்தும் இயந்திரத்தின் கையேடு திறந்திருந்தது. 'இயங்கும்போது கையை உள்ளே விடாதீர்கள்' என்ற வரியை அந்த வருடம் மட்டும் எத்தனை விதமாக மொழிபெயர்த்திருப்பேன். ஒவ்வொரு எச்சரிக்கை வரிக்குப் பின்னாலும் ஏதோ ஒரு கை இருந்திருக்கும் என்று ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை. கைகளைத் தேடி ரயில் ஏறிக் குடோனுக்குப் போனேன். பகல் முழுவதும் நான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது கைகளைப் பற்றித்தான்.

அசோகமித்திரன் நினைவுக்கு வந்ததும் அதனால்தான். ஜெமினி ஸ்டூடியோவில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். செய்தித்தாள்களிலிருந்து துணுக்குகளை வெட்டிக் கோப்பில் சேர்ப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அறைக்குள் வருபவர்களுக்கு அவர் வெறுமனே பேப்பர் கிழித்துக்கொண்டிருப்பதாகத் தெரியும். சினிமா உலகத்தின் ஓரங்களில் நிற்கும் மனிதர்கள் அவருடைய எழுத்துக்குள் அந்த அறையிலிருந்து வந்தார்கள். அவர் அங்கே போனது சம்பளத்துக்கு. காஃப்கா போனதும் சம்பளத்துக்கு. வேலையை வேலையாகச் செய்தார்கள், கதை வழியில் வந்து சேர்ந்தது. நான் கதைக்காகப் போனேன். சம்பளத்துக்குப் போனவனுக்குத் தன்னோடு வேலை செய்பவர்களிடம் மறைக்க எதுவும் இல்லை.

ஏழாவது மாதம் முதல் வரைவு முடிந்தது. முடிந்த மறுநாளே குடோனுக்குப் போவதை நிறுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. தினக்கூலி ஆட்கள் சொல்லாமல் நின்றுவிடுவது சகஜம், யாரும் தேட மாட்டார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது போனை மேசை டிராயரில் போட்டேன்.

டிராயருக்குள் அது அடித்துக்கொண்டே இருந்தது. முதல் வாரம் பதினோரு அழைப்புகள், எல்லாம் அண்ணன். அப்புறம் ஒரு குறுஞ்செய்தி, யாரையோ அடிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்பது எழுத்தைப் பார்த்தால் தெரிந்தது: உடம்பு சரியில்லையா, எங்கே தங்கியிருக்கிறாய் என்று சொன்னால் வந்து பார்க்கிறேன், காசு வேண்டுமானால் கேள்.

'காசு வேண்டுமானால் கேள்' என்ற வரியை என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் விடியற்காலை ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குக் குடோன் வாசலுக்குப் போய் நின்றேன். புதுக் கண்ணாடி, அலுவலகச் சட்டை. வேண்டுமென்றேதான் அப்படிப் போனேன். வெளியே வந்தவர் என்னைத் தாண்டி நாலடி போய்விட்டார். "அண்ணே" என்றதும் திரும்பினார். முதலில் முகத்தில் சந்தோஷம்தான் வந்தது, அதை நான் பார்த்தேன். பிறகு கண் சட்டைக்கு இறங்கியது.

பேருந்து நிறுத்தத்தின் சிமெண்ட் திண்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பெயர், வேலை, நாவல், நோட்டு. குறுக்கே எதுவும் பேசாமல் கேட்டார். இரண்டு பேருந்துகள் போயின. முடித்த பிறகு வெகு நேரம் கழித்துக் கேட்டார்.

"அப்ப, அன்னிக்கு உங்ககிட்ட பணம் இருந்துச்சு."

ஏழு மாதம் 'நீ' என்றவர். அந்த 'உங்ககிட்ட' எனக்கு முதலில் காதில் சரியாக விழவில்லை.

"இருந்துச்சுண்ணே."

தலையாட்டினார். "அந்தக் கடுதாசி?"

"நல்லாப் படிக்கத் தெரியும்."

அதற்குத்தான் அவர் முகம் சுருங்கியது. பணத்துக்குக்கூட அப்படி இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் வேற பேப்பர் படின்னு சொன்னேன்" என்றார். அவருக்குத்தான் வெட்கமாக இருந்தது. வெட்கப்பட வேண்டியவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என்ன சொல்வது என்று தெரியாமல்.

பணம் கொண்டு போயிருந்தேன். வாங்கவில்லை. அந்தத் தேவை எப்படியோ முடிந்துவிட்டது என்றார்.

மூன்று மாதம் கழித்து, பலமுறை கேட்ட பிறகு, நாவலில் அவர் வரும் பகுதிகளைப் படித்துக் காட்ட அனுமதித்தார். இந்த முறை தடுக்காமல் படித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அந்தக் கால் தட்டுறது என்னோடதுதான். வச்சுக்குங்க, நாலு பேருக்கு முதுகு மிஞ்சும்" என்றார். அவர் பணம் கேட்ட காட்சியை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டேன். அந்த அத்தியாயமே நின்றது அந்தக் காட்சியின் மேல்தான், இன்னும் அதை எழுதி முடிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரையை எழுதலாமா என்று தனியாகக் கேட்டேன். "உங்க தப்பைத்தானே எழுதுறீங்க, எழுதுங்க" என்றார்.

இரண்டாவது எண்ணுக்கு இப்போதும் ரீசார்ஜ் செய்கிறேன். அவரிடம் இருப்பது அந்த எண்தான், அந்தப் பழைய பெயரில்தான் சேமித்து வைத்திருக்கிறார். வாரம் ஒரு முறையாவது பேசிவிடுகிறோம். போன வாரம் நான் கூப்பிட்டபோது எடுத்தவுடன், திரையைப் பார்த்த வேகத்தில், அந்தப் பெயரைச் சொல்லி "என்னடா" என்றார். ஒரு நொடி நிறுத்தினார். பிறகு, "சொல்லுங்க தம்பி" என்றார்.